பத்து நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள்

குழந்தைகளுக்குப் பல் பார்க்கிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: வாயைத் திற என்று கெஞ்சவே வேண்டாம், என் மூஞ்சியைப் பார்த்ததும் அது தானாகத் திறந்து உள்நாக்குவரை காட்டி அழும்.

உங்கள் வீட்டிலும் இப்போதுதான் நடக்கப் பழகிய ஒன்று இருந்தால் நீங்களும் என் கட்சிதான். அது விழும். கட்டில் கால், டீபாய் முனை, பாத்ரூம் படி, நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் என்று எதிலாவது போய் மோதும். மோதினால் வாயில்தான் படும். ரெண்டு சொட்டு ரத்தம் எச்சிலோடு கலந்து, ஒரு சொம்பு கவிழ்ந்த மாதிரி சட்டையெல்லாம் ஆகிவிடும். பெற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு, சித்தூரில் இருக்கிற என் கிளினிக்குக்கு ஆட்டோ பிடித்து ஓடிவருவார்கள்.

உண்மையைச் சொன்னால், முக்கால்வாசிப் பேருக்கு நான் தேவையே இல்லை. சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுநடுவே எடுத்துப் பார்க்கக் கூடாது. நின்றுவிடும். அதற்கும் நிற்காவிட்டால், உதடு பிளந்து நின்றால், பல் உள்ளே போய்விட்டால், குச்சியோ பென்சிலோ தொண்டையில் குத்தியிருந்தால், விழுந்த பிறகு வாந்தி எடுத்துத் துவண்டு படுத்தால், அப்போது ஓடிவாருங்கள். மற்றபடி வாய்க்குள் பட்ட காயம் மாதிரி சீக்கிரம் ஆறுகிற காயம் உடம்பில் வேறெங்கும் கிடையாது. ஆறிவிட்டால் யாரும் திரும்பி வருவதில்லை. ஒழுங்காக வேலை செய்தால் வந்த ஆள் மறுபடி வராத தொழில் இது.

எனக்கும் ஒன்று இருக்கிறது. பெயர் தேஜு. இன்னும் மூன்று வயது முடியவில்லை. அவள் அம்மா சுதா திருப்பதியில் காலேஜில் பாடம் நடத்துகிறாள். முதலில் வேலைக்காகத்தான் இரண்டு ஊர், இரண்டு வீடு என்றோம். போகப்போக வேலையைக் காரணமாகச் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. வக்கீல், கோர்ட் என்று எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு ஊருக்கும் நடுவே சந்திரகிரிக் கோட்டைப் புல்வெளியில் தேஜுவை என்னிடம் விடுவாள். விட்டுவிட்டுத் தள்ளி ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து பேப்பர் திருத்துவாள்.

தேஜுவின் வாயை நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு முளைத்த பல்லைக்கூட அவள் சிரிக்கும்போது எட்டிப் பார்த்துத்தான் எண்ணினேன். சிரிப்பு வருகிறதா? இரண்டு ஊரிலும் என்னைப் பார்த்து அழாத குழந்தை அவள் ஒருத்திதான். அதையும் கெடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

சாத்துக்குடியோடு வந்தவர்கள்

ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர், ஒன்றரை வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் காலையில் வந்தார். இரும்பு கேட்டில் மோதி, மேலுதட்டையும் ஈறையும் சேர்க்கிற மெல்லிய சவ்வு கிழிந்திருந்தது. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், தையல்கூட வேண்டாம், தானே ஒட்டிக்கொள்ளும். அழுத்திப் பிடித்தோம், நின்றது, அனுப்பினேன். மத்தியானம் அதே பையன், அதே ரத்தம். மறுபடி பிடித்தோம், நின்றது, அனுப்பினேன். சாயங்காலம் மறுபடி அவர்களே வந்து நின்றார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். ஒன்றும் செய்யவில்லையாம். பெரியப்பா வந்தாராம், உதட்டைத் தூக்கிப் பார்த்தாராம். அத்தை வந்தாராம், தூக்கிப் பார்த்து "ஐயையோ" என்றாராம். எதிர்வீட்டுக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், பால் ஊற்றுகிறவர் என்று வந்தவர்களெல்லாம் "எங்க, காட்டு" என்று தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். ஒட்டின சவ்வு ஒவ்வொரு தரமும் பிய்ந்திருக்கிறது.

இனி ஒருத்தர் அந்த உதட்டைத் தொட்டாலும் என்னிடம் வராதே என்று கத்தினேன். கத்தும்போதே உள்ளுக்குள் பொறாமையாகவும் இருந்தது. நானும் சுதாவும் பிரிந்தபோது ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. என் சொந்தக்காரர்கள் ரொம்ப நாகரிகமானவர்கள், தொடாமல் விட்டால் ஆறிவிடும் என்று விட்டுவிட்டார்கள். ஆட்டோக்காரர் நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பாக்க வந்தவங்கள பாக்காதீங்கன்னு எப்பிடி சார் சொல்றது? சாத்துக்குடி வாங்கிக்கினு வந்துகிறாங்களே!"

கண்ணாடிக் கதவில் காப்பித்தூள்

ரத்தம் என்றால் காப்பித்தூளை அப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். முழங்காலில் அப்பினால் போய்த் தொலைகிறது. வாய்க்குள் அப்பினால் குழந்தை அதைத் தின்றுவிடும் என்பது அந்தப் பதற்றத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை. அப்படி ஒரு பையன் வந்தான். உதட்டில் சின்னக் கீறல், அது எப்போதோ நின்றுவிட்டது. உள்ளே போன காப்பித்தூள்தான் வேலை செய்துகொண்டிருந்தது. நாற்காலி மேல் ஏறினான், மேஜைக்குக் கீழே புகுந்தான், என் ஸ்டூலைச் சுற்றிச் சுற்றி ஓடினான். பழுப்புக் கையைக் கண்ணாடிக் கதவு முழுக்க வைத்தான். என்னைப் பார்த்து அழக்கூட அவனுக்கு நேரமில்லை.

வாயைக் கழுவிவிட்டு, இனிமேல் தண்ணீரைத் தவிர எதையும் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் போனதும் கிளினிக் சட்டென்று அடங்கிப்போனது. உதவிக்கு இருக்கிற ரமணம்மா துணியை எடுத்துக்கொண்டு கதவைத் துடைக்கப் போனார். கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றேன். சாயங்காலம் பூட்டும்போதுதான் மறுபடி துணியோடு வந்து நின்றார்:

"தொடச்சிடறேன் சார். நாளிக்கி வேற பாபு வருவான், அவன் கைய அவன் வெச்சிக்கட்டும்."

முட்டிக்கு முட்டி

நடக்கப் பழகுகிற வயசுக் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து வாய் பார்க்க முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. அம்மாவோ அப்பாவோ ஒரு ஸ்டூலில், நான் எதிர் ஸ்டூலில், முட்டியோடு முட்டி இடிக்க உட்காருவோம். நாலு தொடையும் சேர்ந்து ஒரு கட்டில் ஆகிவிடும். குழந்தையின் தலை என் மடியில், கால்கள் பெற்றவர்களின் இடுப்பைச் சுற்றி. அதன் கையை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். குழந்தைக்கு அம்மா முகம் தெரியும், எனக்கு வாய் தெரியும். இதைவிட நல்ல முறை கிடையாது. சொல்லப்போனால், வேறு ஒரு மனிதர் என் பக்கத்தில் அவ்வளவு நெருக்கமாக உட்காருவது இப்போதெல்லாம் இந்த வேலையில் மட்டும்தான்.

பெண்கள் வந்தால் ரமணம்மாதான் என் இடத்தில் உட்காருவார், நான் நின்றுகொண்டு பார்ப்பேன். ஒருநாள் அவர் லீவு. கிராமத்திலிருந்து ஒரு சின்ன வயசு அம்மா, கூடவே அவள் நாத்தனார். நான் முறையை விளக்கியதும் அந்தப் பெண் ஸ்டூலைப் பின்னுக்கு இழுத்தாள். நீங்களாவது உட்காருங்கள் என்றேன் நாத்தனாரிடம். அந்தம்மா என் முட்டியைப் பார்த்த பார்வையில் அது எனக்கே தப்பான சாமானாகத் தெரிந்தது. குழந்தையோ நாக்கைத் துருத்திக்கொண்டு வீரிட்டது.

கடைசியில் கிளினிக்குக்குப் பின்னால் இருக்கிற என் வீட்டுக்குள் போய்ப் படுக்கையிலிருந்து ஒரு தலையணையைக் கொண்டுவந்து இரண்டு முட்டிக்கும் நடுவே வைத்தேன். அதற்கப்புறம்தான் வாயே திறந்தது. ஒன்றுமில்லை, சின்னக் கடி. அன்றிலிருந்து அந்தத் தலையணை கிளினிக் சாமானாகிவிட்டது, இப்போது வீட்டில் ஒரு தலையணைதான் மிச்சம். கிளம்பும்போது நாத்தனார் வாசலில் நின்று எனக்குப் புத்தி சொன்னார்:

"இது நல்லாக்கீது. இனிமே இது இல்லாம யாரையும் உக்கார வெக்காதீங்க, நீங்க வேற தனியா கீற ஆளு."

பெருமாள் வாங்கிக்கொண்ட பல்

பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இருந்த இரண்டு வயதுப் பையனைக் கொண்டுவந்தார். திருப்பதி மலைக்குப் போய் முடி கொடுத்த கையோடு அங்கேயே ஈரத் தரையில் பையன் வழுக்கி விழுந்து, முன்பல் ஒன்று கழன்று வந்துவிட்டது. இடத்தில் பள்ளம், கொஞ்சம் உறைந்த ரத்தம். பையன் பஸ்ஸில் தூங்கிவிட்டதால் தெம்பாக என்னைப் பார்த்து அழுதான்.

இப்படி வந்தால் நான் முதலில் கேட்பது, பல் எங்கே? பால்பல்லைத் திரும்ப வைக்கமாட்டோம், உள்ளே வளர்கிற பெரிய பல்லை அது கெடுத்துவிடும். ஆனால் முழுசாக வந்ததா, துண்டு உள்ளே நிற்கிறதா, பையன் விழுங்கிவிட்டானா என்று பார்க்க வேண்டுமே. வியாபாரி கொஞ்சமும் தயங்காமல் உண்டியல்ல போட்டுட்டோம் என்றார். உண்டியலிலா என்றேன். அவர் விளக்கினார். முடியைக் கொடுக்க வந்த இடத்தில் பல் தானாக விழுந்தால், அதை எப்படி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவது? சாமி காரியம் பாருங்கள். காகிதத்தில் மடித்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டிருக்கிறார்கள்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன். துண்டு எதுவும் நிற்கவில்லை. பெரிய பல் வரும்வரை ஓட்டையோடு சிரிக்கட்டும் என்றேன். அவருக்குச் சந்தோஷம், எனக்கு ஒரு லட்டு கொடுத்தார். அதைப் பிட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் நானே தின்று பார்த்தேன். திருப்பதி லட்டு ஒற்றை ஆளுக்காகப் பிடித்ததில்லை, பாதியிலேயே திகட்டிவிட்டது. அவர் கிளம்புகிற சமயத்தில், எதற்கும் இருக்கட்டும் என்று, அடுத்த தரம் பல் விழுந்தால் முதலில் என்னிடம் காட்டிவிட்டுப் போடுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை:

"அவரு கேட்டாரு, குட்த்துட்டோம். நீங்க வாயில மிச்சம் கீறத பாருங்க சார்."

ரெண்டு வாய் இட்லி

காலையில் நான் இட்லி சாப்பிடுகிற கடை கிளினிக்கிலிருந்து கூப்பிடு தூரம். மூலையில் சுவரைப் பார்த்த மேஜை என்னுடையது. ஒருநாள் அடுத்த மேஜையில் ஒரு பெண் குழந்தை. முன்பு எப்போதோ நாக்கைக் கடித்துக்கொண்டு வந்தது, நாக்கின் ஓரத்தில் என் வேலை ஒன்றுமில்லாமலே ஆறிப்போன கேஸ். அதன் அம்மா இட்லியைப் பிட்டு வாய்க்கருகே கொண்டுபோவதும், அது தலையைத் திருப்புவதுமாக நடந்துகொண்டிருந்தது. நான் கை கழுவப் போனபோது குழந்தை என்னைப் பார்த்துவிட்டது. உடனே இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது.

இப்படிப் பொத்துவது எனக்குப் பழக்கம்தான். காய்கறி மார்க்கெட்டில் பொத்துவார்கள், பஸ்ஸில் பொத்துவார்கள், கல்யாணத்தில் வரிசையாகப் பொத்துவார்கள். ஊசி மாமா என்று பெயர் வேறு, இந்தக் காயங்களுக்கு நான் ஊசி போட்டதே அபூர்வம். தலையைக் குனிந்துகொண்டு நகரப் பார்த்தேன். அதற்குள் அந்த அம்மா சொன்னாள், இந்த வாய் துன்னலன்னா சார்கிட்ட வுட்டுட்டுப் போய்டுவேன் என்று. குழந்தை அவசரமாகக் கையை எடுத்துவிட்டு ஆவென்று திறந்தது. ஒரு வாய் போனது. சார் ஒரு நிமிஷம் அங்கயே நில்லுங்க என்றாள். நின்றேன். என் கையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தட்டு காலியாகும்வரை நின்றேன். அவள் வாயைத் துடைத்துவிட்டு நன்றியோடு கேட்டாள்:

"சார், நீங்க டெய்லி இதே டைமுக்குத்தான் வருவீங்களா?"

பத்து நிமிஷம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேஜு என்னைத் துரத்திக்கொண்டிருந்தாள். நான் பிடிபடாமல் ஓடுகிற மாதிரி நடிக்க வேண்டும், அதுதான் எங்கள் விளையாட்டு. "நைனா, நில்லு நைனா" என்று கத்திக்கொண்டு வந்தவள் கோட்டைப் படிக்கட்டின் கீழ்க்கல்லில் தடுக்கிக் குப்புற விழுந்தாள். ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் வீரிட்டாள். மேல்வாயிலிருந்து ரத்தம் வழிந்து மஞ்சள் கவுனில் கொட்டியது.

தினமும் இதைத்தான் பார்க்கிறேன். ஆனால் எனக்குக் கை எழவில்லை. இந்த உதட்டை நான் தூக்கினால் ஆட்டம் முடிந்தது, நாளையிலிருந்து இவளும் வாயைப் பொத்துவாள் என்பதுதான் மனசில் ஓடியது. திருப்பதியில் தெரிந்த டாக்டர் யாரிடமாவது கொண்டுபோகச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். சுதா பேப்பர் கட்டைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்ன நின்னுக்கிட்டு இருக்கீங்க, பாருங்க!" என்றாள்.

புல்லில் எதிரெதிராகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். உட்காரும்போது பழக்கதோஷத்தில் கை தலையணையைத் தேடியது. அது இல்லை. தேஜுவின் பையை எடுத்து நடுவில் வைத்தேன். "இது எதுக்கு நடுவுல?" என்று சுதா அதை எடுத்துப் புல்லில் எறிந்தாள். அவள் முட்டி என் முட்டியில் இடித்தது. தேஜுவின் தலை என் மடிக்கு வந்தது. உதட்டைத் தூக்கினேன். சவ்வு கிழிந்திருந்தது, அவ்வளவுதான். பல் எதுவும் ஆடவில்லை. தேஜு என் முகத்தைத் தலைகீழாகப் பார்த்து, மற்ற எல்லாக் குழந்தைகளும் அழுகிற அதே அழுகையை அழுதாள். கர்ச்சீப்பைக் குடிதண்ணீரில் நனைத்து உதட்டின் மேல் அழுத்திப் பிடித்தேன்.

ஊரில் எல்லாருக்கும் கடிகாரத்தைப் பார்த்துப் பிடி என்று சொல்கிற ஆள் நான், அன்று கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அழுகை விம்மலாகி, விம்மல் விக்கலாகி அடங்கியது. தேஜு ஒருதரம் என்னையும் ஒருதரம் அம்மாவையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரையும் இவ்வளவு கிட்டத்தில் சேர்த்து அவள் பார்த்து ரொம்ப நாளாகிறது. சுதாவுக்கு முன்முடியில் ரெண்டு நரை வந்திருந்தது, அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பெஞ்சிலிருந்து பேப்பர்கள் பறக்க ஆரம்பித்தன. எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, குழந்தையின் கையை விடாமல் சொன்னாள்:

"பத்து நிமிஷம் எப்பவோ ஆயிடுச்சு. பரவால்ல, இன்னும் கொஞ்ச நேரம் பிடிங்க."

அடுத்த ஞாயிறு

அன்று தேஜு அம்மா தோளில் தூங்கிக்கொண்டே போய்விட்டதால் எனக்கு டாட்டா கிடைக்கவில்லை. சித்தூர் பஸ்ஸில் ஏறியபோது சட்டையில் அவள் ரத்தம் ஒரு துளி இருந்தது. அந்த வாரம் சுதா தினமும் போன் செய்தாள். எப்படி ஆறியிருக்கிறது என்று பார்க்கட்டுமா என்பாள். தூக்கிப் பார்க்காதே, புளிப்பு காரம் கொடுக்காதே, தயிர்சாதம் கொடு என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் தினமும் பேசினோம்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கிப் புல்வெளிக்குப் போனேன். தேஜு சுதாவின் துப்பட்டாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இரண்டு கையும் வாயின் மேல். அந்தக் கையை எனக்குத் தெரியும், ஊர் முழுக்கப் பார்க்கிற கை. நான் கிட்டே போகவில்லை. தள்ளிப் புல்லில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, அதிலிருந்த மண்ணைத் தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டிருந்தேன். சுதா வழக்கமான பெஞ்சுக்குத்தான் போனாள். பேப்பர் கட்டை மடியில் வைத்துக்கொண்டாள், பிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னக் கால்கள் இரண்டு என் முன்னால் வந்து நின்றன. நான் நிமிரவில்லை. ஒரு விரல் என் தாடையில் குத்தித் தூக்கியது. பார்த்தால், தேஜு வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு, இரண்டு விரலால் மேலுதட்டைப் பிடித்து மூக்குவரைக்கும் தூக்கிக்கொண்டு நின்றாள். யாரும் தொடக்கூடாது என்று நான் ஊருக்கே கத்துகிற அந்த உதட்டை. உள்ளே சவ்வு அழகாக ஒட்டியிருந்தது. எனக்குத்தான் கண் சரியாகத் தெரியவில்லை.

"யாருக்குமே காட்டல நைனா, நீ மட்டும் பாத்துக்கோ."

ஆக, விழுந்து எழுகிற பிள்ளைகளைப் பெற்ற என் சகாக்களே, இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான்: வாய்க் காயத்தைத் தொடாமல் விட்டால் பேசாமல் ஆறிவிடும், பல் டாக்டரை அப்படி விட்டால் ஆறமாட்டான், இட்லிக் கடையில் பூச்சாண்டி வேலைக்குத்தான் நிற்பான்.